நின்ற இடத்தில் மூச்சு வாங்கிய கார்

இந்த ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, நான் பள்ளிக்குப் போகும் வழியில், கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் போக்குவரத்துக் காவலர் கையை நீட்டி எங்கள் பக்கத்து வண்டிகளை நிறுத்தினார். கியர் நியூட்ரலில் இருந்தது, வலது கால் பிரேக்கின் மேல் இருந்தது, ஆக்சிலேட்டரை நான் தொடவே இல்லை. ஆனாலும் எஞ்சின் தானாக உறுமி ஏறியது, ஒரு கணம் தயங்கியது, அணைந்துவிடும்போல் இறங்கியது, மறுபடியும் ஏறியது. மூன்றாவது முறை உறுமியபோது காவலர் திரும்பிப் பார்த்தார். தலை நரைத்த பிறகும் இவருக்கு என்ன இத்தனை அவசரம் என்று அந்தப் பார்வை கேட்டது. நான் ரேஸ் கொடுக்கவில்லை என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது? காலைத் தூக்கிக் காட்டவா முடியும்?

வண்டி 1999 மாடல், 1300 சிசி, நான்கு சிலிண்டர் பெட்ரோல் செடான். தயாரித்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கால் நூற்றாண்டு ஓடிய வண்டியின் குறைக்கு அதைச் செய்தவரைப் பழிப்பது நியாயமில்லை; தவிரவும், இந்தக் கதையில் குற்றவாளி வேறு ஆள். என் மாமா தருமபுரியில் புதிதாக வாங்கிப் பின்னர் எனக்குத் தந்த வண்டி அது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில் என்பதால், எங்கள் மாவட்டத்தைவிட இந்தக் காருக்கு ஐந்து வயது அதிகம் என்று வீட்டில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அந்த ஆண்டுக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. தில்லி வட்டாரத்தில் பதிவாகும் புதிய கார்கள் யூரோ புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு உட்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1999 ஏப்ரலில் உத்தரவிட்டது. காற்றில் பெட்ரோலைக் கலந்து தந்த கார்புரேட்டர் பின்வாங்கி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியே பெட்ரோலைப் பீய்ச்சும் முறையைக் குறிக்கும் எம்.பி.எஃப்.ஐ. என்ற எழுத்துகளைப் பின்கதவில் ஒட்டிக்கொண்டு கார்கள் வரத் தொடங்கிய காலம் அது. அந்தத் தலைமுறைக் கார்களில் பாதி வேலையைக் கணினி செய்யும்; மீதிப் பாதியை மெழுகும் சுருள்வில்லும் திருகாணியும் செய்யும். என் வண்டியின் நோய் இந்த இரண்டு பாதிகளுக்கும் இடையில் இருந்த சந்தில் ஒளிந்துகொண்டிருந்தது.

சூடான எஞ்சின், கால் வைக்காத நிலையில், இந்த வண்டியில் நிமிடத்துக்கு 850 சுற்றுக்கு அருகில் ஓட வேண்டும். இதைத்தான் நம் பட்டறைகளில் ஸ்லோ என்றும் ஐட்லிங் என்றும் சொல்கிறார்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினை முடுக்கியதும் 1500 வரை ஏறுவது இயல்பு. நாலைந்து நிமிடத்தில் அது தானாக இறங்கிவிட வேண்டும். என் வண்டியில் சித்திரை வாக்கிலேயே அந்த இறக்கம் 1300-இல் நின்றுபோயிருந்தது. நான் பொருட்படுத்தவில்லை. வைகாசியில் சேலத்துக்கு ஒரு திருமணத்திற்குப் போனபோது, தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தும் வண்டி வழக்கமான அளவுக்குத் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளவில்லை. மூன்றாம் கியரில் எஞ்சின் பிடிக்கும் என்று நம்பி இறங்கும் சாலை அது. லாரிகளுக்கு நடுவே பிரேக்கை மட்டும் நம்பி இறங்கியபோதுதான் இது பெட்ரோல் வீணாகும் பிரச்சினை மட்டுமல்ல என்று உறைத்தது. அதன் பிறகும் இரண்டு மாதம் கடத்தினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆடியில் அந்த 1300 நிலையாக நிற்காமல், 1200-க்கும் 2000-க்கும் இடையில் ஊஞ்சலாடத் தொடங்கியது.

ஆலோசனைகளுக்குக் குறைவில்லை. பக்கத்து வீட்டுக்காரர், இப்போது பெட்ரோலில் கலக்கும் 20 விழுக்காடு எத்தனால்தான் காரணம் என்று தீர்ப்பளித்தார். எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கலாம், மைலேஜைக் குறைக்கலாம். ஆனால் எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் மூடியிருக்கும்போது, அதைத் தாண்டிக் காற்றை உள்ளே கொண்டுவந்து சேர்க்க எத்தனாலால் முடியாது. சக ஆசிரியர் ஒருவர், ஸ்க்ரூவை அரைச் சுற்று திருகினால் சரியாகிவிடும் என்றார். அந்த அரைச் சுற்று எனக்கு ஏற்கெனவே நடந்திருந்தது. மூன்றாண்டுகளுக்கு முன், ஏசி போட்டால் எஞ்சின் அணைகிறது என்று ஒரு பட்டறையில் விட்டபோது, பத்தே நிமிடத்தில் ‘ஸ்லோ ஏத்தி’ அனுப்பிவிட்டார்கள். அவர்கள் ஏற்றியது எந்தத் திருகை என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஐட்லிங் என்பது பெட்ரோல் விவகாரம் அல்ல, காற்று விவகாரம் என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். காலை எடுத்ததும் திராட்டில் தகடு காற்றுக் குழாயின் வாயை ஏறக்குறைய முழுவதும் அடைத்துவிடும். எஞ்சின் அணையாமல் இருக்கத் தேவையான சிறிதளவு காற்று, தகட்டைச் சுற்றிச் செல்லும் சந்துகள் வழியாக உள்ளே போகிறது. என் வண்டியில் அப்படி மூன்று சந்துகள் உண்டு. ஒன்று, திருகைத் திருகிக் கூட்டிக் குறைக்கக்கூடிய சிறு துளை. இரண்டாவது, கணினி மின்காந்தத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு. ஏசி, விளக்கு என்று சுமை ஏறும்போது கணினி இதன் வழியாகக் கொஞ்சம் கூடுதல் காற்றை விடும். மூன்றாவது, மெழுகு வால்வு. குளிர்ந்த நிலையில் இது திறந்திருக்கும். எஞ்சினைக் குளிர்விக்கும் நீரிலிருந்து பிரிந்த ஒரு கிளை இதைத் தொட்டுச் செல்கிறது. நீர் சூடாக ஆக உள்ளே இருக்கும் மெழுகு விரிந்து, ஒரு முளையைத் தள்ளி, சந்தை மூடும். மின்சாரமும் இல்லை, கணினியின் கட்டளையும் இல்லை. மெழுகுக்குச் சூடு தெரிந்தால் போதும்.

இந்த மூன்று வழிகளைத் தவிர வேறெங்கிருந்து காற்று நுழைந்தாலும் அது திருட்டுக் காற்றுதான். திருட்டுக்கு வசதியான இடம், திராட்டில் தகட்டைத் தாண்டிய காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 அடி உயரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் வெளிக்காற்றின் அழுத்தம் நூறு பங்கு என்று வைத்துக்கொண்டால், ஐட்லிங்கில் அதற்குள் இருப்பது 35 பங்குதான். எங்கே ஒரு மயிரிழை வெடிப்பு கிடைத்தாலும் வெளிக்காற்று பாய்ந்து உள்ளே போகும். எஞ்சினின் உட்புறப் புகையை மேனிஃபோல்டுக்கு இழுத்துவிடும் பிசிவி குழாய், மிதிப்புக்கு வலுச் சேர்க்கும் பிரேக் பூஸ்டரின் குழாய், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் அடி வளையங்கள், மேனிஃபோல்டு கேஸ்கட் எல்லாம் இந்த உறிஞ்சலுக்கு இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு மேல் ஈடுகொடுத்துக் களைத்தவை.

காற்று கூடினால் ஸ்லோ ஏறும், சரி; ஊஞ்சல் எதற்கு ஆட வேண்டும்? இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது, ஏனென்றால் கணினி தன் கடமையைப் பிசகாமல் செய்வதுதான் ஊஞ்சலுக்குக் காரணம். இந்த வண்டியில் உள்ளே போகும் காற்றை நேரடியாக எடைபோடும் கருவி இல்லை. மேனிஃபோல்டின் அழுத்தத்தை மேப் சென்சார் சொல்ல, கணினி அதிலிருந்து காற்றின் அளவைக் கணக்கிட்டு, எடைக்கு எடை 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் பெட்ரோலை விடுகிறது. ஆகவே திருட்டுக் காற்றுக்கும் முறையாகப் பெட்ரோல் கிடைத்துவிடும், எஞ்சின் வேகமெடுக்கும். ஒரு வரம்பைத் தாண்டியதும் கணினி பார்க்கிறது: திராட்டில் மூடியிருக்கிறது, ஆனால் சுற்று 2000-ஐ நெருங்குகிறது; அப்படியானால் வண்டி இறக்கத்தில் உருண்டுகொண்டிருக்க வேண்டும், பெட்ரோல் எதற்கு? உடனே இன்ஜெக்டர்களை முழுவதுமாக நிறுத்திவிடுகிறது. வண்டியோ ரவுண்டானாவில் நின்றுகொண்டிருக்கிறது. சுற்று சரிகிறது, 1200-க்கு வந்ததும் அணைந்துவிடுமே என்று மறுபடி பெட்ரோலை விடுகிறது. காற்று அங்கே தயாராகக் காத்திருக்கிறது. மறுபடியும் உறுமல்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு அதுவரை வேடிக்கையாகத் தெரிந்த இன்னொன்றுக்கும் விளக்கம் கிடைத்தது. ஏசியைப் போட்டால் ஊஞ்சல் நின்றுவிடும். கம்ப்ரசரின் சுமை சுற்றை அந்த வரம்புக்குக் கீழே பிடித்து வைத்துக்கொள்வதால் கணினி பெட்ரோலை நிறுத்த வேண்டிய தேவை வருவதில்லை. ஏசி போட்டால் சரியாகிவிடுகிறது, ஆகவே கோளாறு ஏசி வயரிங்கில் இருக்கிறது என்று ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார். நோயாளி சுமை தூக்கும்போது மட்டும் இருமவில்லை என்றால் மூட்டைக்கா மருந்து கொடுப்போம்?

பழையபேட்டையில் பாய் ஒருவர் சிறிய பட்டறை வைத்திருக்கிறார். வயது அறுபதுக்கு மேல். அம்பாசடரிலும் பத்மினியிலும் கை பழகியவர். இன்ஜெக்ஷன் வண்டிகள் வந்தபோது தொழிலை விட்டுவிடாமல் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர். நான் கதையை முழுக்கச் சொல்லி முடித்து, ஸ்க்ரூவைப் பற்றிக் கேட்டேன். "ஸ்க்ரூ எங்கயும் ஓடிப்போவாது சார். காத்து எந்த வழியா வருதுன்னு மொதல்ல பாத்துக்கலாம்" என்றார். அடுத்த இரண்டு மணி நேரம் நடந்த அத்தனையும் அந்த ஒரு கேள்விக்கான தேடல்தான்.

எஞ்சினை அணைத்து வைத்துவிட்டு, முதலில் ஆக்சிலேட்டர் கேபிளை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். சிறிது தொய்வு இருந்தது. இறுக்கமாக இருந்தால் அதுவே தகட்டை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும். மிதியடி விரிப்பு ஆக்சிலேட்டர் பெடலின் மேல் ஏறிக் கிடக்கிறதா என்றும் குனிந்து பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது; அப்படி ஒரு விரிப்புக்காகச் சென்சாரை மாற்றிய வாடிக்கையாளரை அவர் அறிவார் என்று சொன்னதும் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் சோக் முழுவதும் திரும்பியிருக்கிறதா, கார்புரேட்டரின் அடி கேஸ்கட் ஊதுகிறதா, திராட்டில் தண்டு தேய்ந்து ஆடுகிறதா என்று பார்ப்பதோடு பெரும்பாலும் வேலை முடிந்துவிடும் என்றார்.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு, மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக, துணி சுற்றிய பிளேயரால் நெரித்துப் பார்த்தார். நெரிக்கும்போது சுற்று சட்டென்று இறங்கினால் காற்று அந்தக் குழாய் வழியே வருகிறது என்று பொருள். பிரேக் பூஸ்டர் குழாயை நெரித்தபோது மாற்றம் இல்லை. எஞ்சினை அணைத்து, பிரேக்கை நாலைந்து முறை மிதித்து, மிதித்த நிலையிலேயே முடுக்கச் சொன்னார், பெடல் காலடியில் கொஞ்சம் இறங்கியது, பூஸ்டர் நலம். பிசிவி குழாயை நெரித்ததும் சுற்று 300 போல இறங்கியது. பிசிவி வால்வு வழியாக ஓரளவு காற்று போவது முறைதான், ஆனால் 300 அதிகம். குழாயைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால், கிளிப்புக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில், நகம் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. வால்வைக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே கலகலவென்று ஒலித்தது, அது நல்ல அறிகுறி. குழாயை மட்டும் மாற்றினார்.

மேனிஃபோல்டு கேஸ்கட்டின் விளிம்பில் பூவாளித் தெளிப்பானால் சன்னமாகத் தண்ணீர் அடித்தும் பார்த்தார். ஒழுகும் இடத்தில் தண்ணீர் பட்டால் அது பிளவை ஒரு நொடி அடைக்கும், எஞ்சின் குரல் மாறும். சிலர் இதற்குக் கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயைப் பயன்படுத்துகிறார்கள். பழுக்கக் காய்ந்த சைலன்சர் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் தீப்பற்றும் திரவத்தைப் பீய்ச்சுவதைவிடத் தண்ணீர் எவ்வளவோ மேல். குரல் மாறவில்லை.

ஊஞ்சல் நின்றுவிட்டது. ஆனால் சுற்றைக் காட்டும் முள் 1400-இல் ஆணி அடித்ததுபோல் நின்றது. நான் அப்போதே பணத்தை எடுத்திருப்பேன். இந்த நோயில் மனிதர்கள் ஏமாறும் இடம் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது: ஆட்டம் நின்றதைக் குணம் என்று எடுத்துக்கொள்கிறோம். ஒரு திருட்டு வழி அடைபட்டதால் சுற்று கணினியின் வரம்புக்குக் கீழே வந்தது, அவ்வளவுதான். கூடுதல் காற்று இன்னும் வந்துகொண்டே இருந்தது. உண்மையில், திராட்டில் தகட்டை நிறுத்தும் திருகை இன்னும் இரண்டு சுற்று திருகியிருந்தாலும் ஊஞ்சல் நின்றிருக்கும். தகடு அதிகம் திறந்தால் ‘திராட்டில் மூடியிருக்கிறது’ என்று சொல்லும் சுவிட்ச் விடுபடும், கணினி பெட்ரோலை நிறுத்துவதையே விட்டுவிடும், வண்டி 1800-இல் நிலையாக அலறும். அதையும் ஒரு சிகிச்சை என்று பில் போடலாம்.

பாய் காற்று வடிகட்டியிலிருந்து வரும் தடித்த குழாயைக் கழற்றி, திராட்டிலின் வாயைத் திறந்து வைத்தார். காற்றை எடைபோடும் சென்சார் வைத்த வண்டிகளில் அப்படிச் செய்தால் எஞ்சின் தடுமாறும். இதில் மேப் சென்சார் என்பதால் கவலை இல்லை. தகட்டுக்கு முன்னால் உட்சுவரில் அந்த மூன்று சந்துகளின் வாய்களும் தெரிந்தன. "விரல வைங்க சார்" என்றார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, விசிறி பெல்ட்டிலிருந்து விலகி நின்று, ஒவ்வொரு துளையாக மூடினேன். முதலில் திருகின் துளை: சுற்று லேசாகக் குறைந்தது. அடுத்தது சோலனாய்டின் துளை: ஒன்றும் இல்லை, கணினி அதை ஏற்கெனவே இறுக்கி மூடியிருந்தது. சுற்றைக் குறைக்கத் தன் கையில் இருந்த ஒரே வழியை அது செய்து முடித்துவிட்டுக் கைபிசைந்துகொண்டிருந்தது என்று அதற்குப் பொருள். மூன்றாவது துளை என் விரல் நுனியை உறிஞ்சிப் பிடித்தது. முள் 1400-இலிருந்து 1050-க்கு விழுந்தது.

வெப்பமானி முள் நடுவில் நிற்கிறது, எஞ்சின் முழுச் சூட்டில் இருக்கிறது, ஆனால் மெழுகு வால்வு திறந்து கிடக்கிறது. வால்வு செத்துவிட்டதா என்று கேட்டேன். பாய் பதில் சொல்லாமல், திராட்டில் தகடும் சந்துகளும் அமைந்த உலோகக் கூடான திராட்டில் பாடிக்கு நீர் வரும் விரல் பருமன் குழாயையும், அதிலிருந்து திரும்பிப் போகும் குழாயையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வரும் குழாயைத் தொட்ட கையை உடனே எடுக்க வேண்டியிருந்தது. போகும் குழாய், மார்கழி மாதத்துக் குளியல் தண்ணீர்போல வெதுவெதுப்பாக இருந்தது.

நீர் ஓட்டமே இல்லை என்றால் மெழுகுக்குச் சூடு எப்படித் தெரியும்? எஞ்சினின் முதன்மை நீர்வழியில் பொருத்தியிருக்கும் வெப்ப சென்சார், கணினியிடம் எஞ்சின் சூடாகிவிட்டது என்று சரியாகச் சொல்கிறது. பாய் மல்டிமீட்டரில் அளந்தபோது அது 300 ஓம் அருகே காட்டியது. சூடான நிலைக்கு அது பொருத்தம், குளிர்ந்த நிலையில் 2000-ஐத் தாண்டியிருக்கும். ஆகவே கணினி வெயில்கால நியாயம் பேசுகிறது. கிளைக்குழாயின் கடைசியில் இருக்கும் மெழுகோ இன்னும் பனிக்கால அதிகாலையிலேயே இருக்கிறது. ஒரே எஞ்சினுக்குள் இரண்டு பருவங்கள். சூடேறிய பின்புதான் ஊஞ்சல் ஆடியதற்கும் காரணம் இதுவே: குளிர்ந்த எஞ்சினுக்குக் கணினி பெட்ரோலை நிறுத்தும் வரம்பை உயர்த்தி வைத்திருக்கும், சூடானதும் வரம்பைத் தாழ்த்தும், காற்று மட்டும் குறைந்திருக்காது.

இப்படி மெழுகுக்குச் சூடு எட்டாமல் போக வேறு காரணங்களும் உண்டு. ரேடியேட்டரில் நீர் குறைந்தால், எஞ்சினின் உச்சியில் இருக்கும் திராட்டில் பாடிக்குத்தான் முதலில் நீர் எட்டாமல் போகும். அங்கே காற்றுக் குமிழி கட்டிக்கொள்ளும். எஞ்சின் சூடேறுகிறது என்ற புகாருக்கு எங்கள் பக்கத்துப் பட்டறைகள் பல செய்யும் கைவைத்தியம், எஞ்சின் சூடாகும்வரை நீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. அப்படிச் செய்த வண்டி நெடுஞ்சாலையில் சூடே ஏறாமல் ஓடும். அதன் ஸ்லோவும் இறங்காது, பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். என் வண்டியில் தெர்மோஸ்டாட் இருந்தது, நீரும் நிறைந்திருந்தது. அடைப்பு என்பதைத் தவிர வேறு விடை மிஞ்சவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எஞ்சின் முழுக்க ஆறியபின் குழாய்களைக் கழற்றினோம். வரும் குழாயின் முனையில், திராட்டில் பாடிக்குள் நுழையும் உலோகக் காம்பில், வெந்நீர் அண்டாவின் அடியில் படிவதுபோல வெள்ளையும் துருவின் செம்மையும் கலந்த கல் அடைத்துக்கொண்டிருந்தது. குண்டூசி நுழையும் ஓட்டை மட்டும் மிச்சம். பாய் அதைச் சுரண்டி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "என்ன தண்ணி ஊத்துறீங்க?" என்று கேட்டார்.

அதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். ரேடியேட்டரின் ஓரத்தில் ஒரு சின்னக் கசிவு இரண்டு ஆண்டுகளாக இருந்தது. மாதத்துக்கு ஒரு முறை அரை லிட்டர் குறையும். அதற்காக ரேடியேட்டரைக் கழற்றுவானேன் என்று, செடிகளுக்கு நீர் விடும் போதே தோட்டத்துக் குழாயிலிருந்து பிடித்து ஊற்றிவிடுவேன். அது போர்வெல் தண்ணீர். கிருஷ்ணகிரி, தருமபுரி இரு மாவட்டங்களிலும் நிலத்தடி நீர் என்றாலே புளோரைடைப் பற்றித்தான் பேசுவோம். அதற்காகத்தானே ஒகேனக்கல் காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால் ரேடியேட்டருக்கு எதிரி புளோரைடு அல்ல, எங்கள் தெருவில் உப்புத் தண்ணீர் என்று சொல்லும் கடின நீர். அதில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் பைகார்பனேட்டுகள் சூடுபட்டதும் சிதைந்து, கரையாத கல்லாகப் படியும். தற்காலிகக் கடினத்தன்மை என்ற தலைப்பில், கொதிக்கவைத்தால் நீங்கும் என்று எழுதிப்போட்டு, ஆண்டுதோறும் நான் வகுப்பில் நடத்தும் பாடம் அது. நீங்கி எங்கே போகிறது என்று ஒரு மாணவனும் கேட்டதில்லை. மேலும், ஊற்றிய தண்ணீர் கூலன்டில் இருந்த துருத்தடுப்பானையும் நீர்த்துப்போகச் செய்ததால் செந்துருவும் கூடவே சேர்ந்துகொண்டது. நாங்கள் காவிரி நீர் குடித்துக்கொண்டு, காருக்குப் போர்வெல் நீரைக் குடிக்கக் கொடுத்தோம்.

திராட்டில் பாடியைக் கழற்றி என் வீட்டுக்கே கொண்டுவந்தோம். எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் அமிலத்தை, வெதுவெதுப்பான நீரில் கரைத்து, நீர்வழியில் மட்டும் ஊற்றி, கால் மணிக்கு ஒரு முறை மாற்றினோம். பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்குவதுபோல இதையும் ஊறப்போட்டுவிட்டுப் போய்விட முடியாது. அலுமினியத்தை அமிலம் அரிக்கும். நுரை அடங்கியதும் கழுவி, அடுப்பில் காய்ந்த வெந்நீரை ஒரு குழாயால் அந்த வழியே ஓடவிட்டோம். சந்தின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றும் அசையவில்லை. பின் பித்தளை முளை மிக மெதுவாக, கண்ணால் பிடிக்க முடியாத வேகத்தில் நகர்ந்து, நாலைந்து நிமிடத்தில் சந்தை அடைத்தது. வால்வு நன்றாகத்தான் இருந்தது. புதிய திராட்டில் பாடி வாங்கிப் பொருத்தியிருந்தாலும் வண்டி சரியாகியிருக்கும். ஆனால் அதே தண்ணீரில் அதுவும் அடைத்திருக்கும்.

நீர்வழி முழுவதையும் இரண்டு முறை அலசி, ரேடியேட்டர் கசிவைப் பற்றவைத்து, காய்ச்சி வடித்த நீரும் கூலன்டும் சரிபாதியாகக் கலந்து நிரப்பினோம். நிரப்புவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கோட்டை மலையடிவாரத்துச் சரிவான தெரு ஒன்றில் காரின் மூக்கு மேட்டைப் பார்க்கும்படி நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து, குளிர்ந்த எஞ்சினை முடுக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, குமிழிகள் அடங்கும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தோம். உள்ளே அடைபட்ட காற்று மேட்டைத் தேடி ரேடியேட்டர் வாய்க்கு வந்து வெளியேறிவிடுகிறது. சூடான எஞ்சினில் அந்த மூடியைத் திறக்கக் கூடாது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்; முகம் வெந்துபோகும்.

சூடேறியதும் முள் 1050-இல் நின்றது. இப்போதுதான் பாய் திருகுகளின் பக்கம் திரும்பினார். திராட்டில் தகட்டை நிறுத்தும் திருகின் மேல் தொழிற்சாலையில் வைத்த மஞ்சள் சாயப் பொட்டு உடைந்திருந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் ‘ஸ்லோ ஏத்தியது’ இதைத்தான். தகடு குழாய்ச் சுவரில் சிக்கிக்கொள்ளாமல் இருப்பதற்காக மட்டும் இருக்கும் திருகு அது. ஸ்லோ வைப்பதற்கு அல்ல. நல்ல வேளையாக, சுவிட்ச் விடுபடும் அளவுக்குத் திருகியிருக்கவில்லை. அதைப் பின்னுக்கு எடுத்து, தகடு சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் இடத்தில் நிறுத்தி, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டையும் மல்டிமீட்டரையும் வைத்துச் சுவிட்ச் சரியான இடத்தில் மூடித் திறக்கிறதா என்று பார்த்து, நட்டை இறுக்கினார். அதன் பிறகே காற்றுத் துளையின் திருகைத் தொட்டார். கால் சுற்று போதுமாக இருந்தது; 850.

முதலிலேயே இந்தத் திருகைத் தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். முழுவதும் மூடினாலும் மெழுகு வால்வு விட்ட காற்றை ஈடுகட்டியிருக்க முடியாது. ஒருவேளை பாதி ஈடுகட்டியிருந்தாலும், பின்னால் யாராவது அடைப்பை நீக்கிய அன்று வண்டி ஸ்லோவில் நிற்காமல் அணைந்திருக்கும், அப்போது வேறொரு திருகைத் திருகியிருப்பார்கள் என்றார். பழைய வண்டிகள் பலவற்றில் அவர் முதலில் கழற்ற வேண்டியிருப்பது கோளாறை அல்ல, முந்தைய சிகிச்சையைத்தானாம்.

கூலி வாங்கும்போது பாய் அந்தக் கல் துண்டை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அடுத்த நாள் பத்தாம் வகுப்பில் அதை ஒரு சோதனைக்குழாயில் போட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டேன், நன்றாகப் பொங்கியது. டிக்கியில் இப்போது ஐந்து லிட்டர் கேனில் காய்ச்சி வடித்த நீர் இருக்கிறது. ஒன்று மட்டும் பாக்கி. ஏசியைப் போடும் நொடியில் முள் 700 வரை இறங்கி, ஒரு முறை இருமிவிட்டுத் திரும்புகிறது. இத்தனை காலம் வேலை இல்லாமல் மூடிக் கிடந்த சோலனாய்டில் கரி பிடித்திருக்கும், கழற்றிக் கழுவ வேண்டும் என்கிறார் பாய். காலாண்டு விடுமுறையில் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.